அந்த வக்கீல் யாருக்கு வக்கீல்?

(மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் நடந்த இரண்டு நாள் சட்டப் பயிற்சி முகாமில் வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலிருந்து பிரிவு, உட்பிரிவு, விதின்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருப்பீங்க. சாப்பிட்ட கையோட என்னைப் பேசச் சொல்லிட்டாங்க. தூக்கம் வரும். அதனால நான் ஒரே ஒரு ஆளைப் பத்தி மட்டும் பேசறேன். வன்கொடுமை வழக்குல பாதிக்கப்பட்டவங்களுக்காக எழுந்து நின்னு பேச வேண்டியவர்னு சட்டம் சொல்ற ஆள். சிறப்பு அரசு வழக்கறிஞர். கோர்ட்டுல 'ஸ்பெஷல் பி.பி.'ன்னு சொல்வாங்க.

போலீசைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். நீதிபதிகளின் தீர்ப்புகளைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிற அரசு வழக்கறிஞரைப் பற்றி நம் பத்திரிகைகளில்கூட அதிகம் வந்ததில்லை. அவர் கண்ணில் படுவதில்லை. வழக்குத் தோற்றுப் போனால் 'சாட்சி பிறழ்ந்துட்டான்', 'போலீஸ் சரியில்லை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

எனக்கு அவரைத் தெரியும். ஏன்னா நான் அவருக்கு ஜூனியரா இருந்தவன்.

ஊர் பேர், ஆள் பேர் எதுவும் சொல்ல மாட்டேன். தென்மாவட்டம் ஒன்று. 1996-இல் ஒரு கண்மாய் மீன் குத்தகை ஏலம். அதுவரைக்கும் ஏலத்துல நம்ம ஆளுங்க கை தூக்கினதில்ல. அந்த வருசம் சேரியிலிருந்து இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருத்தன் போய்த் தொகை கேட்டான். ஏலம் அவனுக்குக் கிடைக்கக்கூட இல்ல. கேட்டதுதான் குத்தம். மூணாம் நாள் பொழுது சாயற நேரத்துல கண்மாய்க் கரையில வெட்டிப் போட்டாங்க. பார்த்தவங்க மூணு பேர். அதுல ஒருத்தர் அவனைப் பெத்த அம்மா.

அது போலீஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்த அபூர்வமான வழக்கு. விதிப்படி டி.எஸ்.பி.யே விசாரித்தார். இறந்தவன் பட்டியல் சாதி, வெட்டியவர்கள் வேறு சாதி என்பதற்குத் தாசில்தாரிடம் சான்று வாங்கிக் கட்டில் வைத்திருந்தார். வன்கொடுமை வழக்கில் அந்தச் சாதிச் சான்று எவ்வளவு முக்கியம் என்று காலையில் சொல்லியிருப்பார்கள். குற்றவாளி பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்ல என்று நிரூபித்தால்தான் அந்தச் சட்டமே நிற்கும்.

1999-இல் விசாரணைக்கு வந்தது. என் சீனியர்தான் அரசு வழக்கறிஞர். நான் பதிவு பண்ணி அஞ்சு வருசம்கூட ஆகல. எங்க குடும்பத்துல முதல் வக்கீல். அவர் கட்டைத் தூக்கிக்கிட்டு பின்னால போறவன்.

சாட்சி சொல்ல வேண்டிய அன்றைக்குக் காலை பத்தேகால் மணிக்கு, கோர்ட் வராந்தாவில்தான் அவர் அந்தம்மாவை முதன்முதலாகப் பார்த்தார். மூணு வருசத்துல அதுதான் முதல் தடவை. 'பார்த்ததைப் பார்த்தபடி சொல்லு, பயப்படாத' என்றார். அவ்வளவுதான். போலீஸ்ல அவங்க சொன்னதா என்ன எழுதியிருக்குன்னு யாரும் சொல்லல. கூண்டு எங்கே இருக்கு, நீதிபதி எங்கே உட்காருவார், எதிர்த்தரப்பு வக்கீல் எப்படிக் கேட்பார், எதுவும் அந்தம்மாவுக்குத் தெரியாது.

குறுக்கு விசாரணையில் கேட்டார்கள்: 'சம்பவம் நடந்த இடத்துக்கும் நீ நின்ன இடத்துக்கும் எவ்வளவு தூரம்?' அந்தம்மா சொன்னாங்க: 'கூப்பிடு தூரம் சாமி.' எதிர்த்தரப்பு வக்கீல் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டார். கூப்பிட்டால்தான் கேட்கிற தூரம், பொழுது சாய்ந்த நேரம், அங்கிருந்து முகம் தெரிந்ததா என்று நூல் பிடித்துப் போனார். அந்தம்மா சொன்ன தூரம் என்ன தெரியுமா? வாசல்ல நின்னு 'சாப்பிட வாடா'ன்னு மகனைக் கூப்பிடற தூரம். ஐம்பது அடி இருக்கும். ஊர்க்காரன் எனக்குத் தெரியுது. அதை விளக்கிச் சொல்ல வைக்கத்தான் மறு விசாரணை என்று ஒன்று இருக்கு. 'கூப்பிடு தூரம்னு எதைச் சொல்றீங்கம்மா? இந்தக் கோர்ட்டுல காட்டுங்க' என்று ஒரு கேள்வி. ஒரே கேள்வி. என் சீனியர் எழுந்து, 'மறு விசாரணை இல்லை' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தாசில்தார் சாட்சி சொல்ல வரவேண்டிய நாளில் வரவில்லை. இன்னொரு வாய்தா வாங்கியிருக்கலாம். 'அந்தச் சாட்சி தேவையில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சாதிச் சான்று கட்டுக்குள்ளேயே கிடந்தது. சான்றாவணமாகக் குறியீடு ஆகவே இல்லை. கட்டைக் கையில் வைத்திருந்தவன் நான். எனக்குத் தெரியும். 'சார், அந்தச் சர்ட்டிபிகேட்'னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. சீனியர் முகம் சுளிச்சிருவாரோன்னு பயம். எனக்குப் பதிவுக் கட்டணம் கட்டினவர் அவர்.

தீர்ப்பு வந்தது. கண்ணால் கண்ட சாட்சி நம்பும்படி இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களின் சாதிக்கு ஆவணம் இல்லை. சந்தேகத்தின் பலன். எல்லாரும் விடுதலை.

அரசு மேல்முறையீடு செய்யலாமா என்று கருத்துக் கேட்டு மேலிருந்து கடிதம் வந்தது. கருத்துச் சொல்ல வேண்டியவர் அதே வழக்கறிஞர். 'மேல்முறையீட்டுக்கு உகந்ததல்ல' என்று இரண்டு பத்தி எழுதினார். டைப் அடிக்கக் கொண்டு போனது நான்தான்.

கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் அந்தம்மா உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்து அழல, கத்தல. மெதுவா ஒரு கேள்வி கேட்டாங்க. 'ஏந்தம்பி, அந்த வக்கீலு யாருக்கு வக்கீலு?'

தோழர்களே, இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இத்தனை வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். உங்களோட அதைத்தான் பகிர்ந்துக்க வந்தேன்.

நீங்க கேக்கலாம், அவர் காசு வாங்கினாரான்னு. எனக்குத் தெரியாது. வாங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்ல. அதுதான் நான் சொல்ல வர்றது. அவர் கெட்டவர் இல்ல. கையில் நாற்பது கட்டு. ஆட்சி மாறினால் போய்விடுகிற பதவி. இந்த வழக்கு தோற்றால் அவரை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அந்தம்மா தன்னிடம் கேள்வி கேட்கிற உரிமை உள்ள ஆள் என்று அவருக்குக் கனவில்கூடத் தோன்றியிருக்காது. சாதி அவ்வளவு சாதாரணமா வேலை செய்யும். அரிவாள் எடுக்க வேண்டாம். 'கேள்வி இல்லை'ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தாப் போதும்.

இப்ப சட்டத்துக்கு வருவோம்.

நம் குற்றவியல் சட்டத்தில் குற்றம் என்பது அரசுக்கு எதிரானது. வழக்கின் பெயரே 'அரசு எதிர் இன்னார்' என்றுதான் இருக்கும். செத்தவன் பெயரும் அங்கே இல்லை, பெற்றவள் பெயரும் இல்லை. மகனைப் பறிகொடுத்தவள் வழக்கில் யார்? 'அ.சா. 1'. அரசு தரப்புச் சாட்சி எண் ஒன்று. அமர்வு நீதிமன்றத்தில் வழக்கை நடத்த அரசு வழக்கறிஞருக்கு மட்டும்தான் உரிமை. நாம் ஒரு வக்கீல் வைத்தாலும் அவர் அரசு வழக்கறிஞரின் சொல்படிதான் நடக்க வேண்டும்.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். தனிமனிதப் பழிவாங்கலாக வழக்கு ஆகிவிடக் கூடாது, பணக்காரன் பெரிய வக்கீல் வைத்து ஏழையை உள்ளே தள்ளிவிடக் கூடாது, அதனால் எல்லாருக்கும் பொதுவான அரசு வழக்கை நடத்தும் என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. அரசு எல்லாருக்கும் பொதுவா இருந்தாச் சரி. சேரிக்கு அரசு எப்படி வந்திருக்கு? 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்தார்கள். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழாரை விடுவித்தது. 1992 ஜூன் 20 வாச்சாத்தியில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து பழங்குடி மக்கள்மேல் பாய்ந்தது. அங்கே குற்றவாளியே அரசு ஊழியன். 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வர 19 வருசமாச்சு. அதுக்குள்ள 54 பேர் செத்தே போயிட்டாங்க. அந்தத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023-இல். அரசே கையில் ரத்தத்தோட நிக்கும்போது, அரசோட வக்கீல் தானாக நமக்கு வக்கீல் ஆயிருவார்னு நம்பறது எப்படி?

இதை முன்கூட்டியே பார்த்தவர்கள் நம் தலைவர்கள். 1930-இல் வட்டமேசை மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒரு கோரிக்கைப் பட்டியல் கொடுத்தார்கள். சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கு என்று கேட்டார்கள். அதோடு நிற்கவில்லை. நமக்கு எதிராக அரசு நடந்துகொண்டால், நம் நலனை அரசு அலட்சியம் செய்தால், அதற்கும் பரிகாரம் வேண்டும் என்று கேட்டார்கள். அடிக்கிறவனைத் தண்டிக்கச் சட்டம் போதாது, அலட்சியமா இருக்கிறவனையும் கேள்வி கேட்க வழி வேணும்னு அன்னைக்கே புரிஞ்சு வச்சிருந்தாங்க.

1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறை. அதில் பிரிவு 15, சிறப்பு நீதிமன்றத்துக்கென்று தனி அரசு வழக்கறிஞர், குறைந்தது ஏழு வருச அனுபவம் என்றது. 1995-இல் விதிகள் வந்தன. அதில் விதி 4-ஐ நீங்க மனப்பாடம் பண்ணிக்கணும். என் சீனியர் அரசு வழக்கறிஞராக இருந்தபோது இந்த விதி இருந்தது. நான் படிக்கவே இல்லை. அந்தம்மாவுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

விதி 4 என்ன சொல்லுது? ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வழக்கறிஞர் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். ஜனவரியிலும் ஜூலையிலும், வருசத்துக்கு இரண்டு தடவை, மாவட்ட ஆட்சியர் அந்த வழக்கறிஞர்களின் வேலையை ஆய்வு செய்து அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஒருவர் அக்கறையோடு வழக்கை நடத்தவில்லை என்றால் காரணத்தை எழுதி அவரைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். இதெல்லாவற்றையும்விட முக்கியம் விதி 4(5): பாதிக்கப்பட்டவர் விரும்பினால், ஆட்சியர் தகுதியான மூத்த வழக்கறிஞரை நியமித்துக் கட்டணமும் கொடுக்கலாம்.

அதாவது தோழர்களே, இந்த வக்கீலை நாம் கேட்கலாம், கவனிக்கலாம், மாற்றச் சொல்லலாம். மகனைப் பறிகொடுத்த அம்மா வெறும் 'அ.சா. 1' இல்லை என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது.

2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. பிரிவு 15-அ. பாதிக்கப்பட்டவர், சாட்சி ஆகியோரின் உரிமைகள் என்று தனி அத்தியாயமே போட்டார்கள். ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும். தகவல் சொல்ல வேண்டிய பொறுப்பு சிறப்பு அரசு வழக்கறிஞருக்கும் அரசுக்கும். ஜாமீன், விடுவிப்பு, பரோல், தண்டனை எல்லாவற்றிலும் நம் வாதத்தைக் கேட்க வேண்டும். தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் என்று யார் உதவியையும் நாம் பெறலாம். இது ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடும் என்று நானும் நினைத்தேன். 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த முன்னறிவிப்பு கட்டாயம் என்று சொல்லி, அது இல்லாமல் கொடுத்த ஜாமீனை ரத்து செய்தது. இது நம்ம கைக்கு வந்த கருவி. விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் என்ற உரிமை 2009-இன் கடைசி நாளில்தான் வந்தது. பத்து வருசம் முன்னாடி வந்திருந்தா, அந்தம்மாவைக் கூட்டிக்கிட்டு நான் உயர் நீதிமன்றம் போயிருப்பேன். போயிருப்பேனா? ஜூனியரா இருந்த நான் போயிருப்பேனான்னு எனக்கே உறுதியில்ல.

கேட்டால் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆந்திரத்தில் சுண்டூர். 1991 ஆகஸ்ட் 6, எட்டு தலித்துகளைக் கொன்றார்கள். அந்த மக்கள் நிவாரணத்தோடு நிற்கவில்லை. சிறப்பு நீதிமன்றம் எங்கள் ஊரிலேயே உட்கார வேண்டும் என்று போராடினார்கள். வந்தது. கொலை நடந்த ஊரிலேயே நீதிபதி வந்து உட்கார்ந்தார். 2007-இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை. அதோட கதை முடியல. 2014-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. ஒரு தீர்ப்பு வந்ததும் ஊர்வலம் போய் இனிப்புக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போனா இதுதான் கதி. கீழ்க்கோர்ட்டில் எவ்வளவு கண் விழித்தோமோ அவ்வளவு மேல்கோர்ட்டிலும் விழிக்க வேண்டும். அங்கேயும் ஒரு அரசு வழக்கறிஞர் இருக்கிறார். அவரையும் கவனிக்க வேண்டும்.

நம்ம ஊர்ல கோகுல்ராஜ் வழக்கு. பொறியியல் படிச்ச தலித் இளைஞர். 2015 ஜூனில் கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போனவர், தலை துண்டிக்கப்பட்டு ரயில் தண்டவாளத்தில் கிடந்தார். சாட்சிகள் ஒவ்வொருத்தராப் பிறழ்ந்துக்கிட்டு இருந்த நேரம். அவரோட அம்மா சும்மா இருக்கல. நீதிமன்றம் போனாங்க. வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. பவானி பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் உறுதி செய்தது. சாட்சி பிறழ்ந்தாலும் கோயில் கேமராப் பதிவு பிறழாது என்று அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட ஒரு வக்கீல் தேவைப்பட்டார்.

இது தலித் வழக்குக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. 2002-இல் குஜராத் வடோதராவில் பெஸ்ட் பேக்கரியில் 14 பேரைக் கொன்றார்கள். 2003-இல் எல்லாரும் விடுதலை. அரசு வழக்கறிஞர் எதிரிகளின் வக்கீலைப் போல நடந்துகொண்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றமே கண்டித்து, மறுவிசாரணையை மகாராஷ்டிரத்துக்கு மாற்றியது. 2006-இல் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை. அரசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அரசு வழக்கறிஞரும் அந்தப் பக்கம் சாய்வார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லணும். பெயர் பெற்ற வக்கீல் வந்துட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. கயர்லாஞ்சியில் 2006 செப்டம்பர் 29, ஒரே குடும்பத்தில் நாலு பேரைக் கொன்றார்கள். நாடறிந்த வழக்கறிஞர்தான் சிறப்பு அரசு வழக்கறிஞர். எட்டுப் பேருக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் வன்கொடுமைச் சட்டம் நிற்கவில்லை. 2010-இல் உயர் நீதிமன்றம் மரண தண்டனையைக் குறைத்தபோதும் இது பழிவாங்கல், சாதிக்காக நடந்ததல்ல என்றே சொன்னது. மேலவளவிலும் அப்படித்தான். 1997 ஜூன் 30, பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனோடு ஆறு பேர். தலித் ஒருவன் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காக நடந்த கொலை என்று உலகத்துக்கே தெரியும். 2001-இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கொலைக்குத்தான் கொடுத்தது, வன்கொடுமைச் சட்டத்தில் கொடுக்கவில்லை. பிறகு தலைவர்களின் நூற்றாண்டு விழா என்று சொல்லி 2008-இல் மூணு பேர், 2019-இல் 13 பேர் என்று வெளியே விட்டார்கள்.

கொலை நிரூபணம் ஆகும், சாதி நிரூபணம் ஆகாது. இது எப்படி நடக்குது? ஒரு சர்ட்டிபிகேட் குறியீடு ஆகாம விட்டாப் போதும்னு சொன்னேனே, அங்கேதான் ஆரம்பிக்குது. 'என்ன சாதியைச் சொல்லித் திட்டினான்?' என்று கேட்காமல் விடுவது. அந்தப் பையன் ஏலத்துக்குப் போனதால்தான் கொன்றார்கள் என்பதற்கு ஏலப் பதிவேட்டைக் கோர்ட்டுக்கு வரவழைக்காமல் விடுவது. சாதி அரசு வழக்கறிஞரின் காகிதக் கட்டுக்குள்ளே காணாமல் போகிறது. 2016 திருத்தம் இதற்கும் ஒரு வழி செய்தது. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ குற்றவாளிக்கு நேரில் தெரியும் என்றால், அவர் சாதியும் தெரியும் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். ஆனால் அதை எடுத்துச் சொல்ல ஒருத்தர் வாயைத் திறக்கணும்.

இங்கே ஒரு தோழர் காலையில் கேட்டார். 'அரசு வழக்கறிஞரை நாமே தேர்ந்தெடுத்தா அவர் நடுநிலையா இருப்பாரா? அது எதிரிக்கு அநியாயம் இல்லையா?' நல்ல கேள்வி. மழுப்பக் கூடாது. இந்த நாட்டுச் சிறைகளில் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக அடைபட்டுக் கிடப்பது நம் ஆட்கள். அரசின் சிறைப் புள்ளிவிவரமே அதைச் சொல்கிறது. பொய் வழக்கும், நேர்மையில்லாத அரசு வழக்கறிஞரும் யார் கழுத்தை முதலில் பிடிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அதனால் நமக்கு வேட்டை நாய் வேண்டாம். எதிரிக்குச் சாதகமான ஆவணம் இருந்தால் அதையும் நீதிமன்றத்தில் வைக்கிற வக்கீல்தான் நமக்கு வேண்டும். நமக்குச் சாதகமான ஆவணத்தையும் அதே மாதிரி வையுங்கள் என்கிறோம். நடுநிலை என்றால் 'கேள்வி இல்லை' என்று உட்காருவதா? கட்டைப் படிப்பது, சாட்சியை மனுசனாக மதிப்பது, கேட்க வேண்டியதைக் கேட்பது. இதுதான் நடுநிலை. இதை நம்ம சாதிக்காரர் ஒருத்தர் பதவிக்கு வந்தாத் தானா நடந்துரும்னும் நினைக்காதீங்க. கட்டைத் தூக்கிக்கிட்டுப் பேசாம நின்னவன் சேரியிலிருந்து வந்தவன்தான். உங்க முன்னாடி நிக்கிறேன்.

சில வருசத்துக்கு முன்னால இன்னொரு மாவட்டத்துல ஒரு வழக்கு. பாதிக்கப்பட்ட குடும்பத்தோட சேர்ந்து விதி 4(5)-ன்படி ஆட்சியருக்கு மனு கொடுத்தோம். பதில் இல்லை. மறுபடி கொடுத்தோம். 'அப்படி ஒரு விதி இருக்கா?' என்று அலுவலகத்தில் எங்களையே கேட்டார்கள். விதியை நகல் எடுத்துக் கொடுத்தோம். கட்டணத்துக்கு நிதி இல்லை என்றார்கள். பத்து மாசம் நடந்தோம். ஒருவழியாக நாங்கள் கேட்ட வழக்கறிஞர் வந்தார். அவர் தலித் இல்லை. வந்ததும் முதல் வேலையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சேரிக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். சம்பவம் நடந்த இடத்தை நடந்து பார்த்தார். அந்த வீட்டில் தண்ணி வாங்கிக் குடிச்சார். சாட்சிகளைக் கோர்ட்டு நடக்காத நேரத்தில் அழைத்துப் போய்க் காலி அறையைக் காட்டினார். 'இங்கே நீங்க நிப்பீங்க, அங்கே நீதிபதி. கேள்வி புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்லுங்க' என்றார்.

ஒரு சாட்சியை விலை பேசி வந்தாங்க. கூலிக்குப் போற ஆள். கேட்ட தொகை அவருக்கு ரெண்டு வருசக் கூலி. அவர் பிறழல. ஏன்னு பின்னாடி கேட்டேன். 'அந்த வக்கீலய்யா எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்துட்டுப் போனாருங்க. அவர் மூஞ்சிய நாளைக்குப் பாக்கணுமில்ல' என்றார். வன்கொடுமைச் சட்டத்தின் கீழேயே தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு நடக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் சாட்சி காப்பாற்றப்படுவது போலீஸ் காவலால் மட்டும் இல்லை என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

கடைசியாக, நாளைக்கு நீங்க செய்ய வேண்டிய வேலை. உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மூணே கேள்வி. விதி 4-இன்படி வழக்கறிஞர் பட்டியல் இருக்கிறதா, இருந்தால் நகல் கொடு. கடந்த ஜனவரி, ஜூலை ஆய்வு அறிக்கைகளின் நகல் கொடு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடவேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது? பதில் வரட்டும், வராமலும் போகட்டும். வராவிட்டால் அதுவே ஒரு பதில்.

வழக்கு நடக்கிற ஊருக்குப் போகிறவர்கள், வாய்தாவுக்குப் போய் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். மாணவர்கள் ரெண்டு பேர் நோட்டோடு உட்கார்ந்தாலே போதும், அரசு வழக்கறிஞரின் முதுகு நிமிரும். என்ன சாட்சி வந்தது, எந்த ஆவணம் குறியீடு ஆனது, எது ஆகவில்லை என்று எழுதுங்கள். சாட்சிக்குப் பயணப்படியும் சாப்பாட்டுச் செலவும் விதி 11-இல் உரிமை. அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஜாமீன் மனு வந்தால் 15-அ முன்னறிவிப்பு வந்ததா என்று கேளுங்கள். சட்டம் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நாளைக்கு நீங்களும் யாருக்காவது ஜூனியராகப் போவீர்கள். கட்டைத் தூக்குவீர்கள். அன்றைக்குக் கட்டுக்குள்ளே ஒரு காகிதம் வெளியே வராமல் கிடப்பதைப் பார்த்தால் வாயைத் திறங்கள். சோறு போடுகிறவர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

அந்தம்மா இப்ப இல்ல. இறந்து பல வருசமாச்சு. நான் பதில் சொல்லாமலே போயிட்டாங்க. 'யாருக்கு வக்கீலு?'ன்னு கேட்டதுக்கு இன்னைக்கு என்கிட்ட இருக்கிற பதில் இதுதான்: அவர் அரசுக்கு வக்கீல், தாயே. நாம போய்ப் பக்கத்துல நின்னு, கேட்டு, எழுதி, சண்டை போட்டா, அந்த அளவுக்கு நமக்கும் வக்கீல்.

நாம நிக்கணும்.